தோலில் ஓர் ஊசி, கொழுப்பில் ஓர் ஊசி, தசையில் ஓர் ஊசி

பக்கத்து வீட்டுப் பையனை நாய் கடித்துவிட்டது. ஏழு வயது. கெண்டைச் சதையில் இரண்டு பல் பதிந்திருந்தது. அவன் அப்பாவுடன் நானும் அரசு மருத்துவமனைக்குப் போனேன். காயத்தைச் சோப்புப் போட்டு நெடுநேரம் கழுவினார்கள். பிறகு காயத்தைச் சுற்றி ஒரு மருந்தை ஏற்றினார்கள். அதற்கே பையன் ஊரைக் கூட்டிவிட்டான். அப்புறம்தான் தடுப்பூசி. நர்ஸ் அவனுடைய இடது மேல்கையில் மெல்லிய ஊசி ஒன்றைப் படுக்கவைத்தாற்போல நுழைத்துத் துளி மருந்தை ஏற்றினார். வெள்ளையாக ஒரு சின்னக் கொப்புளம் எழும்பியது. வலது கையிலும் அதேபோல. அவ்வளவுதான்.

அப்பாவுக்கு மனசு ஒப்பவில்லை. "என்ன சிஸ்டர், ஊசி உள்ளேயே போகலையே, தோல்லேயே நின்னுடுச்சே?" என்றார். "அண்ணே, இது தோல்லதான் நிக்கணும். உள்ள போனாத்தான் தப்பு" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்தவரின் சீட்டை வாங்கிக்கொண்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் அதையே கேட்டுக்கொண்டு வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் மருந்தைக் குறைத்துப் போடுகிறார்களோ, வெளியே போய் 'முழு ஊசி' போட்டுக்கொண்டால் என்ன என்று. அந்தச் சந்தேகத்தில் அடுத்த தவணைக்குப் போகாமல் விட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். வெறிநாய்க்கடியில் நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. அவருக்கு வழியில் அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன்.

ஊசி என்றால் மருந்தை உடம்புக்குள் செலுத்துவது, எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு நல்லது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் மருந்து எந்த அடுக்கில் இறங்குகிறது என்பது மருந்தின் பெயரைப் போல, அளவைப் போல முக்கியமானது. அடுக்கு மாறினால் அதே மருந்து வேறு வேகத்தில், சில சமயம் வேறு விதமாகவே வேலை செய்கிறது.

தோலின் மேல்பரப்பு பெரும்பாலான இடங்களில் ஒரு தாளின் தடிமன்தான், சுமார் 0.1 மி.மீ. அதில் ரத்தக் குழாய் கிடையாது. அதற்குக் கீழே உள்தோல், இடத்துக்கு இடம் ஒன்று இரண்டு மி.மீ. கெட்டியான, நெருக்கமாகப் பின்னிய அடுக்கு அது. உணர்ச்சி நரம்புகள், நுண்ணிய ரத்தக் குழாய்கள், நிணநீர்க் குழாய்கள், முடியின் வேர் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதற்கும் கீழே கொழுப்பு. இது ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும். அதற்குக் கீழே தசை. மருத்துவமனையில் இந்த மூன்று வழிகளையும் ஐ.டி., எஸ்.சி., ஐ.எம். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உள்தோலில் நிற்பது ஐ.டி., கொழுப்பில் நிற்பது எஸ்.சி., தசையில் இறங்குவது ஐ.எம்.

இந்த மூன்று அடுக்குகளிலும் மாறி மாறிப் பயணம் செய்த ஊசி ஒன்று உண்டென்றால் அது நாய்க்கடி ஊசிதான். ஐம்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி." அது மிகையல்ல. 1911இல் இமாச்சல மலையூரான கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் உருவாக்கிய முறை அது. வெறிநோய்க் கிருமியை விலங்கின் மூளையில் வளர்த்து, அந்த மூளைத் திசுவையே கரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைச் செயலிழக்க வைத்துத் தடுப்பூசியாகப் போட்டார்கள். பின்னாளில் இதற்கு ஆட்டு மூளையைப் பயன்படுத்தினார்கள். தென்னிந்தியாவுக்கு இந்த மருந்து 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் ஆய்வு நிலையத்திலிருந்து வந்தது.

வயிற்றில் ஏன் போட்டார்கள்? மருந்து அதிகம், ஒரு தடவைக்குச் சில மில்லிலிட்டர். அதுவும் தினம் தினம். அவ்வளவையும் வாங்கிக்கொள்ளும் அளவுக்குத் தோலுக்கடியில் இடம் இருப்பது வயிற்றில்தான். தொப்புளுக்கு வேறு எந்த மகிமையும் இல்லை. மூளைத் திசு கலந்த மருந்து என்பதால், சிலருக்கு உடம்பு தன் நரம்பையே எதிரியாக நினைத்துத் தாக்கி, கைகால் செயலிழந்துபோனதும் உண்டு. இந்தியாவில் இதன் தயாரிப்பு 2004ஆம் ஆண்டு இறுதியோடு நின்றது.

அதற்குள் செல் வளர்ப்பில் தயாரான சுத்தமான தடுப்பூசிகள் வந்திருந்தன. அவற்றை மேல்கைத் தசையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களில் போட்டார்கள். ஐந்து நாள், ஐந்து குப்பி. மருந்து நல்ல மருந்துதான். ஆனால் விலை அதிகம். நாய் அதிகம் கடிப்பது தெருவில் விளையாடும் குழந்தைகளையும் தெருவில் வேலை செய்பவர்களையும். அவர்களுக்குக் கட்டுப்படியாகாத மருந்தாக அது இருந்தது. இதே சிக்கல் தாய்லாந்திலும் இருந்தது. 1980களில் பாங்காக்கில் செஞ்சிலுவைச் சங்க மருத்துவர்கள் ஒரு வழி கண்டார்கள். குப்பியில் ஐந்தில் ஒரு பங்கோ பத்தில் ஒரு பங்கோ, அதாவது 0.1 மி.லி. மட்டும் எடுத்து, தசைக்குப் பதில் தோலுக்குள் இரண்டு இடங்களில் தலா அவ்வளவு போட்டார்கள். எதிர்ப்புச் சக்தி நன்றாகவே உருவானது. உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் 2006இல் அனுமதி கிடைத்தது. இப்போது 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் இரண்டு கைகளிலும் தலா 0.1 மி.லி. போடுகிறார்கள். நான்கு தவணைக்கும் சேர்த்து 0.8 மி.லி.தான்.

ஐந்து குப்பி மருந்து செய்த வேலையை இந்தத் துளி மருந்து எப்படிச் செய்கிறது? தோலின் வேலையை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். வெளியிலிருந்து வரும் கிருமி முதலில் மோதும் இடம் தோல். அங்கே காவல் செல்கள் நெருக்கமாக நிற்கின்றன. அந்நியப் பொருளைக் கண்டதும் பிடித்து, நிணநீர்க் குழாய் வழியாக அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய் அங்குள்ள வெள்ளையணுக்களுக்கு அடையாளம் காட்டுவது அவற்றின் வேலை. தசையில் அப்படிப்பட்ட செல்கள் குறைவு. அங்கே நிறைய மருந்தைக் கொட்டிச் செய்கிற வேலையைத் தோலில் கொஞ்சத்திலேயே செய்துவிடலாம்.

மேல்தோலில் இருக்கும் இந்தக் காவல் செல்களை முதலில் பார்த்தவர் பால் லாங்கர்ஹான்ஸ். 1868இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்தபோது பார்த்தார். அவற்றை நரம்புச் செல்கள் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே அதே மாணவர் கணையத்துக்குள் தீவுபோலத் திட்டுத்திட்டாக இருக்கும் செல்களையும் விவரித்தார். இன்சுலினைச் சுரப்பது அந்தத் திட்டுகள்தான். தோலில் போடும் தடுப்பூசிக்கும் கொழுப்பில் போடும் இன்சுலினுக்கும் பின்னால் இருபதைத் தாண்டிய ஒரே இளைஞனின் நுண்ணோக்கி இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

சரி, அந்த நர்ஸ் செய்ததைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஒரு கையால் பையனின் மேல்கைத் தோலை இழுத்துப் பிடித்தார். ஊசி நுனியின் சாய்வான வாய் மேலே பார்க்கும்படி, சிரிஞ்சைக் கையோடு ஒட்டினாற்போல, 10 அல்லது 15 டிகிரி சாய்வில் வைத்து நுழைத்தார். நுனி தோலுக்குள் போனதும் நிறுத்திவிட்டார். அந்த நிலையில் ஊசியின் வடிவம் தோலுக்கு அடியில் மங்கலாகத் தெரியும். அப்புறம் மெதுவாக அழுத்தினார். உள்தோல் கெட்டியான அடுக்கு, எளிதில் இடம் தராது, அழுத்தும் விரலுக்கு அந்த எதிர்ப்பு தெரியும். மருந்து ஏற ஏற மேலே வெளுத்த கொப்புளம் எழும்பும். உற்றுப் பார்த்தால் முடித்துளைகள் குழிந்து, சாத்துக்குடித் தோல் மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் தானாக அமுங்கிவிடும். தேய்க்கக் கூடாது.

எதிர்ப்பே இல்லாமல் மருந்து வழுக்கிக்கொண்டு போனால் ஊசி ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். கொப்புளம் எழும்பாது, மருந்து கொழுப்பில் இறங்கியிருக்கும். இந்த 0.1 மி.லி. அங்கே போனால் போதாது. அப்போது ஊசியை எடுத்துப் பக்கத்தில் மறுபடி போட வேண்டும் என்பதுதான் வழிமுறை. பையனின் அப்பா கவலைப்பட்ட அந்தக் கொப்புளம்தான் ஊசி சரியாக விழுந்ததற்கு ஒரே சாட்சி.

எல்லா இடத்திலும் ஏன் இப்படிப் போடுவதில்லை? தோலில் போடக் கை பழகியிருக்க வேண்டும். இன்னொன்று, திறந்த குப்பியைக் குளிரில் வைத்திருந்தாலும் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வரும் அரசு மருத்துவமனையில் ஒரு குப்பியைப் பலருக்குப் பங்கிடலாம். ஒரே ஒருவர் வரும் சின்ன கிளினிக்கில் மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும், அதனால் அங்கே தசையில் முழுக் குப்பியும் போடுகிறார்கள். எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் தசை வழியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டு வழியும் காப்பாற்றும். தவணையைத் தவற விடுவதுதான் ஆபத்து. காயத்தைச் சுற்றிப் போட்டார்களே, அது வேறு. தடுப்பூசியால் உடம்பு தானே எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கிருமியைக் காயத்திலேயே மடக்க, தயாரான எதிர்ப்புப் பொருளை அங்கேயே ஏற்றுகிறார்கள். பல் ஆழமாகப் பதிந்த கடிக்கு அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

தோலில் போடுவது புது வித்தை ஒன்றும் இல்லை. உங்கள் இடது மேல்கையில் இருக்கும் தழும்பு பி.சி.ஜி.யினுடையது. காசநோய்க்கு எதிரான இந்தத் தடுப்பூசியை 1921இல் பாரிஸில் முதல் குழந்தைக்குக் கொடுத்தபோது வாய்வழியாகத்தான் கொடுத்தார்கள். 1920களின் பிற்பகுதியில் ஸ்வீடனில் ஆர்விட் வால்கிரேன் என்ற குழந்தை மருத்துவர் அதைத் தோலுக்குள் போடத் தொடங்கினார். சுதந்திரம் வந்த அடுத்த ஆண்டே, 1948இல், சென்னை கிண்டியில் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகம் வந்துவிட்டது.

ஆழம் பிசகினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணுக்குத் தெரியக் காட்டும் ஊசியும் இதுதான். பிறந்த குழந்தைக்கு 0.05 மி.லி., உயிருள்ள, வீரியம் குறைந்த கிருமி. தோலுக்குள் சரியாக விழுந்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சிவந்த முண்டு வரும், பிறகு சிறிய புண்ணாகி, காய்ந்து, தழும்பாகும். எல்லாம் சேர்த்து மூன்று மாதம் வரை ஆகலாம். கொழுப்பில் இறங்கிவிட்டால் அந்த இடத்தில் சீழ்க்கட்டி வரலாம், அக்குளில் நெறி கட்டலாம். பச்சிளம் குழந்தையின் உள்தோல் ஒரு மி.மீ. அளவுக்கே இருக்கும். குழந்தை கையை உதறிக்கொண்டிருக்கும்போது அதற்குள் ஊசி நுனியை நிறுத்துவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று யோசித்துப் பாருங்கள். பி.சி.ஜி. புண் வந்ததும் பயந்துபோய் மஞ்சளும் எண்ணெயும் வைக்கும் பாட்டிகளிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அது வரத்தான் செய்யும், எதையும் தடவாமல், பிதுக்காமல் விட்டுவிடுங்கள்.

காசநோய்க்கிருமி உடம்பில் எப்போதாவது புகுந்ததா என்று பார்க்கும் மாண்டூ பரிசோதனையும் தோலுக்குள்தான். முன்கையில் 0.1 மி.லி. ஏற்றி, 48 முதல் 72 மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். பலர் சிவப்பைப் பார்த்துப் பதறுகிறார்கள். சிவப்பு கணக்கில்லை. கையால் தடவித் தடிப்பின் அகலத்தைத்தான் அளப்பார்கள். தோலின் இன்னொரு குணத்தைப் பயன்படுத்துகிறார்கள் இதில்: இங்கே விழுந்த மருந்து சீக்கிரம் ரத்தத்தில் கலந்து ஓடிவிடாது, நின்று நிதானமாக வேலை செய்யும். ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன் 'டெஸ்ட் டோஸ்' என்று முன்கையில் துளி ஏற்றிப் பார்ப்பதும் இதனால்தான். ஒவ்வாமை இருந்தால் அந்த இடத்திலேயே தெரியலாம்.

அடுத்த அடுக்கு, கொழுப்பு. நம் வீடுகளில் தினமும் போடப்படுவது இதில்தான், இன்சுலின். கொழுப்பில் ரத்தக் குழாய்கள் குறைவு. மருந்து கசிந்து கசிந்து ரத்தத்தில் சேரும். இன்சுலினுக்கு அந்த நிதானம்தான் தேவை. அதே இன்சுலின் தவறித் தசையில் இறங்கினால் வேகமாக உறிஞ்சப்படும். நடந்தாலோ ஓடினாலோ இன்னும் வேகம். சர்க்கரை சட்டென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, சுய நினைவு தவறும் அளவுக்குப் போகலாம்.

நீளமான ஊசி போட்டால்தான் குண்டாக இருப்பவர்களுக்கு மருந்து சேரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இன்சுலின் போடும் இடங்களில் தோலின் தடிமன் ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் ஏறக்குறைய 2 மி.மீ.தான். மாறுவது அதற்குக் கீழே உள்ள கொழுப்பு மட்டும். எனவே பேனா ஊசியில் 4 மி.மீ. நீளமே பெரியவர்கள் எல்லோருக்கும் போதும், நேராகக் குத்தலாம். சிரிஞ்சின் ஊசி அதைவிட நீளம் என்பதால் தோலைக் கொழுப்போடு சேர்த்து மெதுவாகக் கிள்ளிப் பிடித்துப் போடச் சொல்வார்கள். வயிற்றில் சீக்கிரம் சேரும், தொடையில் மெதுவாகச் சேரும்.

இங்கே இரண்டு விஷயத்தை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் இரண்டையும் என் சொந்தக்காரர்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஒன்று, தினமும் ஒரே இடத்தில் போடுவது. அந்த இடம் கொஞ்ச நாளில் தடித்து, உள்ளே ரப்பர் மாதிரிக் கொழுப்புக் கட்டியாகிவிடும். அங்கே வலிக்காது என்பதால் மறுபடி மறுபடி அங்கேயே போடத் தோன்றும். ஆனால் அந்தக் கட்டியிலிருந்து மருந்து ஒழுங்காக ரத்தத்தில் சேராது, சர்க்கரை ஏறும், டாக்டர் அளவைக் கூட்டுவார். ஒருநாள் இடத்தை மாற்றி அதே கூட்டிய அளவைப் போட்டால் சர்க்கரை தடாலென்று விழும். எனவே கட்டி இருந்தால் டாக்டரிடம் காட்டி, அளவைக் கேட்டுக்கொண்டுதான் இடம் மாற்ற வேண்டும். ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு விரல் அகலம் தள்ளிப் போட்டால் இந்தத் தொல்லையே வராது.

இன்னொன்று சிரிஞ்சின் மூடி. நம் நாட்டில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட் உள்ள குப்பியும் கிடைக்கிறது, 100 யூனிட் உள்ளதும் கிடைக்கிறது. 40க்கு உரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு உரியதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு இன்சுலின் உள்ளே போய்விடும். கடைக்காரர் கொடுப்பதை அப்படியே வாங்காமல் குப்பியில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் ஒருமுறை ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

தசையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ரத்த ஓட்டம் அதிகம், மருந்து சீக்கிரம் சேரும், அளவும் கூடுதலாகக் கொள்ளும். குழந்தைகளுக்குப் போடும், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் போன்ற தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு இருக்கிறது. தோலுக்கடியில் நின்றால் அது அரித்துக் கட்டிபோட்டுவிடும், ஆழமாகத் தசையில் இருந்தால் அந்த உறுத்தல் குறைவு. அதனால்தான் செங்குத்தாக, தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில் போடுகிறார்கள். ஆனால் 'இடுப்பு ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும்' என்று கேட்டு வாங்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். புட்டத்தில் கொழுப்பு தடிமன், தசைக்கென்று போட்டது பல பேருக்குக் கொழுப்பிலேயே நின்றுவிடும். 1980களில் அமெரிக்காவில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் புட்டத்தில் போட்டவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவாக வந்ததால், பெரியவர்களுக்கு மேல்கையில் போடச் சொன்னார்கள். நாய்க்கடித் தடுப்பூசியையும் புட்டத்தில் போடக் கூடாது. காலுக்குப் போகும் பெரிய நரம்பும் அந்த வழியாகத்தான் ஓடுகிறது. இடம் தவறினால் குழந்தையின் பாதம் தொங்கிப்போகலாம்.

ஒன்பது மாதக் குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போகும் அன்று மூன்று அடுக்குகளையும் ஒரே மேஜையில் பார்க்கலாம். இடது மேல்கையில் தோலுக்குள் 0.1 மி.லி. போலியோ ஊசி. வலது மேல்கையில் தோலுக்கடியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி. தொடைத் தசையில் நிமோகாக்கல் ஊசி. பத்து நிமிடத்துக்குள் நர்ஸ் மூன்று விதமாகக் கையைச் சாய்க்கிறார்: படுக்கையாக, பாதிச் சாய்வாக, நேராக. குழந்தை ஒரே மாதிரிதான் அழும்.

மூன்றாம் நாள் தவணைக்குப் பையனின் அப்பா என்னைக் கூப்பிடாமல் தானே போனார். இடது கையில் கொப்புளம் எழும்பியது. வலது கையில் பையன் உதறிவிட்டதால் மருந்து உள்ளே வழுக்கிவிட்டது போலிருக்கிறது. "சிஸ்டர், இந்தக் கையில எழும்பலையே?" என்று கேட்டிருக்கிறார். நர்ஸ் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமாண்ணே, பிடிச்சுக்குங்க" என்று சொல்லி ஒரு விரல் தள்ளி மறுபடி போட்டிருக்கிறார். சாயங்காலம் பையன் சட்டைக் கையை மடித்து எனக்கு அந்த இரண்டு புள்ளிகளையும் காட்டினான்.